உள்ளிருந்து பிடித்த கை

இதைக் கட்டுக்கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். வண்டித் தகரம் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் டிக்சனுக்கு நடந்தது இது. வாய்தவறி ஒரு பொய் சொன்னாலும் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணை வாங்காத ஆள் அவன். நடந்தது நள்ளிரவிலும் இல்லை. ஆகஸ்ட் ஐந்து, மாதா கோயில் திருவிழா அன்று, பட்டப்பகலில்.

அவனுடைய பட்டறை புதுக்கோட்டை போகிற சாலையில் இருக்கிறது. அங்கே ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. இரண்டே பேர் உட்காரலாம். அதைக் கொண்டுவந்த ஃபிராங்க்ளினுடைய அப்பா கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. மூன்று வருடம் உப்பளத்துப் பக்கம் ஒரு கொட்டகையில் கிடந்து துருவேறிப் போயிருந்தது. அந்த அப்பா இப்போது படுத்த படுக்கை. ஒரே ஒரு தடவை அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். திருவிழா சாயங்காலம் வண்டி வீட்டில் நிற்கும் என்று டிக்சன் வாக்குக் கொடுத்திருந்தான்.

சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தில் வேலை முடிந்துவிட்டது. உப்புக்காற்று தின்ற இடங்களை வெட்டி எடுத்து, கனமான இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்திருந்தான். இடது பக்கம் மட்டும் யாரோ ஏற்கெனவே பாதிப் பட்டை வைத்துவிட்டு, அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல கை. ஏன் பாதியில் விட்டார்கள் என்று டிக்சன் அப்போது யோசிக்கவில்லை.

காலையில் கூட்டாளி மெல்வின் புதுச்சட்டையோடு வந்து நின்றான்.

"ஏலே, ஊரே மாதாவப் பாக்கப் போவுது. நீ தகரத்தப் பாத்துக்கிட்டு நிக்க. மாதா கோவிச்சுக்கிடப் போறா."

"கெடையில கெடக்க மனுசன் ஒக்காரட்டும்லே. அதுக்கெல்லாம் மாதா கோவிக்க மாட்டா. நீ போ."

மெல்வின் போய்விட்டான். மிச்சம் இருந்தது பின்பக்க மட்கார்டில் ஒரு நெளிசல்.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டிக்குள் குந்தி உட்கார்ந்து, டாலி என்கிற இரும்புக் கட்டையைத் தகரத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். மற்றவர் வெளியிலிருந்து அடிக்க வேண்டும். பின்னால் டாலி இல்லையென்றால் தகரம் 'டொங்' என்று காலி டப்பா மாதிரி கத்தும். டாலி இருந்தால் 'டக்'. அடிக்கிறவர் 'போதும்' என்று சொல்லும்வரை, பிடிக்கிறவர் கையை எடுக்கக் கூடாது. அதுதான் தொழில் வழக்கம்.

டிக்சன் தனி ஆள். தன் கைக்கு எட்டுகிறவரை தட்டிப் பார்ப்போம் என்று சுத்தியலை எடுத்தான். மணி பன்னிரண்டு பத்து.

டொங்.

டொங்.

டக்.

கை நின்றது. தகரம் எங்காவது மடிந்திருக்கும் என்று நினைத்தான். ஒரு விரற்கடை தள்ளி அடித்தான்.

டக்.

எட்டிப் பார்த்தான். சீட்டுகள் கழற்றிய வெறும் கூடு. யாரும் இல்லை. அவனுடைய டாலி மேஜை மேல் இருந்தது.

திரும்ப அடித்தான். டக்... டக்... அவன் போகிற இடத்துக்கெல்லாம் அது கூடவே வந்தது. நெளிசல் எழும்பியது. இருபது வருடத் தொழிலில் இவ்வளவு பாங்காக டாலி பிடிக்கிற ஆளை அவன் பார்த்ததில்லை.

பயத்தில் சுத்தியலைக் கீழே வைத்தான்.

உள்ளேயிருந்து... டக், டக்.

'இங்கன அடி' என்கிற மாதிரி.

வாசலைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தான். தட்டல் வேகமாயிற்று. டக்டக்டக்டக்... தனியாக விட்டுவிட்டுப் போகிறார்களே என்று பதறுகிற மாதிரி. ரோட்டில் ஆள் இல்லை. கத்தினான்.

திரும்பி வந்தான்.

அடித்தான். அழுதுகொண்டே அடித்தான். அருள்நிறை மரியே... டக். அருள்நிறை மரியே... டக்.

தகரம் கண்ணாடி மாதிரி ஆயிற்று.

"போதும்" என்றான்.

டக்.

"போதும்... எடுத்துக்கிடுங்க..."

டக்.

அந்தக் குரலுக்கு அது அடங்கவில்லை.

கூரைத் தகரம் கொதித்தது. நாக்கு வறண்டது. அப்போது அவனுக்கு ஒன்று தோன்றியது. இந்த வெக்கையில், யாராக இருந்தாலும் பாவம்.

தன் தண்ணீர்ப் பாட்டிலை ஜன்னல் வழியே உள்ளே வைத்தான். சீல் உடைக்காத பாட்டில்.

சத்தம் நின்றது.

மணி ஒன்று இருபது.

ஓடினான்.

சாயங்காலம் மெல்வினோடுதான் திரும்பினான். பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. சீல் உடையவில்லை.

தண்ணீர் இல்லை.

சீட்டுகளை மாட்டி முடித்ததும், வண்டியை எடுத்துப்போக வந்த ஃபிராங்க்ளினிடம், இதற்கு முன் வேலை பார்த்தது யார் என்று கேட்டான். மறுநாள் காலை மாப்பிள்ளையூரணிக்குப் போனான். சுடலைக்கண்ணு என்கிற அந்த டிங்கர் தொழிலை விட்டு மூன்று வருடம் ஆகிறது. டிக்சன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எம் பொஞ்சாதி பேச்சிச்செல்விதான் எனக்கு டாலி பிடிப்பா. அன்னைக்கு இந்த வண்டிக்கும் அவதான். பதினோரு மணி இருக்கும். தண்ணி குடிச்சிட்டு வாரேன்னா. 'இந்த ஒரு நெளிசல் முடியட்டும்ளா, பிடிச்சுக்க'ன்னேன். அதுக்கப்புறம் அவ பேசல. கோவம்னு நெனச்சேன். ஒன்னு இருவதுக்குக் குனிஞ்சு பாத்தேன்..."

"எறந்து..."

"கையில டாலி இருந்துது. உசிரு போயி ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னாரு டாக்டரு." அவர் நிமிர்ந்தார். "நான் ஒன்னு இருவது வரைக்கும் அடிச்சேன் தம்பி. ஒரு அடிகூட காலியா கேக்கல."

டிக்சன் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"'போதும்'னு சொன்னியளா அண்ணாச்சி?"

"செத்தவகிட்ட என்னத்தச் சொல்ல?"

"ஒங்க வாயால ஒருக்கா வந்து சொல்லிருங்க. பாவம்லா..."

சுடலைக்கண்ணு தலையை அசைத்தார்.

"சொன்னா போயிருவா தம்பி."

அவர் வரவில்லை.

நான்கு நாள் கழித்து டிக்சனுக்கு ஃபிராங்க்ளினிடமிருந்து போன். மணி பதினொன்று ஐந்து.

"அண்ணே, அப்பா அன்னைக்கே ஒக்காந்துட்டாரு. ரொம்ப சந்தோசம். ஆனா தெனமும் இந்நேரத்துக்கு வண்டிக்குள்ள டக்கு டக்குன்னு ஒரு சத்தம் கேக்கு. என்னண்ணே செய்ய?"

டிக்சன் கண்ணை மூடிக்கொண்டான். அவனால் வேறு என்ன சொல்ல முடியும்?

"உள்ள கொஞ்சம் தண்ணி வைப்பா. தெனமும் வையி."