மாமியின் பெயர்

ஒஸ்லோவில் பார்வை குன்றிய யூத மூதாட்டி ஒருவருக்கு நான் வீட்டுப் பணியாளனாக இருந்தேன். பின்னேரம் நாலு மணிக்குப் போய்த் தூசி துடைத்து, பிறகு நோர்வேஜிய மொழியில் வேதாகமத்துச் சங்கீதம் வாசிப்பேன். வாசிப்பது என் வேலையே அல்ல, நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. மன்னாரில் மாதா கோவிலில் பூசை வாசகம் படித்தவன் என்ற தலைக்கனம். கோடை முழுக்க அவருடைய சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து முழங்கினேன்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் புத்தகத்தை எடுத்தபோது, "இன்றைக்கு வேண்டாம்" என்றார். அடுத்த முறையும் வேண்டாம். என் உச்சரிப்புப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, வீட்டில் கண்ணாடி முன் வாயைக் கோணலாக்கிப் பயிற்சி செய்தேன்.

"பல்லு வலியோ?" என்றாள் மனைவி.

கடைசியில் மூதாட்டியிடமே கேட்டேன்.

"இருட்டிவிட்டதே. இருட்டினால் நள்ளிரவுவரை நாங்கள் சங்கீதம் சொல்வதில்லை. என் அப்பா வீட்டு வழக்கம்."

அங்கே அப்போது மூன்றரைக்கே இருட்டிவிடும். ஆக, காரணம் நான் இல்லை. நிம்மதிக்குப் பதிலாக எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

டிசம்பரில் மனைவியின் வயிற்றில் கட்டி என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முதல்நாள், "இஞ்சை இருந்து அழாமல் வேலைக்குப் போங்கோ" என்று ஆஸ்பத்திரியிலிருந்து என்னைத் துரத்திவிட்டாள். பயத்தில் ஒரே அலமாரியை மூன்று முறை துடைத்திருக்கிறேன். மூதாட்டி அதைக் காதாலேயே பிடித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"புத்தகத்தை எடும்."

"இருட்டிவிட்டதே."

"நோயாளிக்காக என்றால் சொல்லலாம். பெயர் என்ன?"

சொன்னேன்.

"அவருடைய தாயின் பெயர்? நோயாளியைத் தாயின் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வோம்."

பத்தொன்பது வருடமாக அவர் எனக்கு மாமி. அவர் அனுப்பிய மிளகாய்த்தூளைத் தின்று வளர்ந்த என் தொப்பைக்கு அவர் பெயர் தெரியவில்லை. வெட்கத்தை விட்டு மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"அம்மான்ரை பேரோ? இப்ப ஏன்?"

காரணத்தைச் சொன்னேன். பிறகு பெயரைச் சொன்னாள். "பிழையாச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

அன்று நான் வாசித்தது படுமோசம். மூன்றாம் வரியில் நோர்வேஜிய மொழி கைவிட, அழுதுகொண்டே தமிழில் முடித்தேன். இரண்டு பெயர்களை மட்டும் பிழையில்லாமல் சொன்னேன்.

கட்டி பொல்லாததல்ல என்று பிறகு தெரிந்தது. இன்றும் கோவிலில் வாசகம் படித்துவிட்டு நான் நெஞ்சை நிமிர்த்தி வந்து உட்கார்ந்தால், மனைவி குனிந்து காதுக்குள் கேட்பாள்: "என்ரை அம்மான்ரை பேரைச் சொல்லுங்கோ பாப்பம்."