பட்ஜெட் நாளில் அரங்கேறிய வளையல்

பட்ஜெட் நாளில் நாடகத்தின் முதல் காட்சியை வைக்காதீர்கள் என்று மனைவி சரயு தலைதலையாக அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே ஸ்ரீபாத் லிமயே?

புனேயில் ஒரு மராத்திப் பத்திரிகையில் அரை ஆயுள் பொருளாதாரப் பக்கம் எழுதியவர். பட்ஜெட் அன்று டிவி முன்னால் வீட்டில் யாரும் தும்மக்கூடாது. வேலையை விட்டபிறகு விலைவாசியைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதினார். அவை கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. விளக்குமாறு உள்ளே போகாது. "ஜனங்க படிக்க மாட்டாங்க, ஆனா பார்ப்பாங்க" என்று அடுத்து நாடகத்தில் இறங்கினார்.

அதிசயமாக, அது நன்றாகவே வந்துவிட்டது. ஒரு மாமியார், ஒரு மருமகள், விற்கலாமா கூடாதா என்று ஒரு ஜோடி வளையல். தயாரிப்பாளர் கோரே மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்: முதல் காட்சியில் ஜனம் சிரித்தால் ஊர் ஊராகப் போகலாம், இல்லாவிட்டால் அன்றோடு மூட்டை கட்டவேண்டியதுதான்.

அன்று காலை பட்ஜெட்டில் தங்கத்துக்கு வரியைக் குறைத்துவிட்டார்கள். லிமயேவுக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் மேடையில் தேங்காய் உடைத்து, முதல் மணியும் அடித்தாயிற்று. சரயு பேடா எடுத்துக்கொண்டு ஒப்பனை அறைக்குப் போனால், மாமியாராக நடிக்கும் மேதாவின் முன்னால் மனுஷன் காகிதத்தோடு நிற்கிறார்.

"மேதா, 'வரி ஏறிடுச்சு, இப்ப விக்காதே'ன்னு வருதில்ல? அதை 'வரி இறங்கிடுச்சு, ஆனாலும் உலகச் சந்தை நிலவரப்படி இப்ப விக்காதே'ன்னு மாத்திடுங்க."

"இப்பவா? சார், ரெண்டு மாசமா மனப்பாடம் பண்ணது சார்!"

"ஏங்க, எந்த மாமியார் உலகச் சந்தை நிலவரம் பேசுவா?" என்றாள் சரயு.

"தப்புத் தகவல் சரயு! என்னைப்பத்தி என்ன நினைப்பாங்க?"

"யாரு? உங்க பழைய ஆபீஸ்லேர்ந்து ஓசி டிக்கெட்ல வந்திருக்காங்களே நாலு பேர், அவங்களா?"

பதில் வருவதற்குள் அடுத்த மணி. மூன்றாவது மணிக்குத் திரை தூக்கிவிட்டார்கள்.

அந்த இடம் வந்தது. "வரி ஏறி... இறங்கி..." மேதா நின்றுவிட்டாள். மேடையின் ஓரத்திலிருந்து, "உலகச் சந்தை! உலகச் சந்தை!" என்று லிமயே கிசுகிசுத்தது முதல் வரிசைவரை கேட்டது. சரயு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மேதா அவர் பக்கம் ஒரு முறை முறைத்துவிட்டு மருமகளிடம் திரும்பினாள். "ஏறுதோ இறங்குதோ, எனக்கென்னடி? காலைலேர்ந்து ஒரு மனுஷன் அதைச் சொல்லியே என் பிராணனை வாங்கறான். கையில போட்ட வளையலைக் கழட்ட மாட்டேன், போ!"

அரங்கமே வெடித்தது. சிரிப்பு அடங்கவே இல்லை.

இடைவேளையில் கோரே வாய் நிறைய உருளைக்கிழங்கு வடையோடு ஓடிவந்தார். "அண்ணி, அடுத்த வாரம் நாசிக்! அந்த வசனத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது."

சரயு கணவரைத் தேடிப் பிடித்தாள். மூலையில் நின்று பழைய ஆபீஸுக்கு போன் பேசிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சுட்டீங்க! கோரே நாசிக்குக்குக் கூப்பிடறார்."

"அது என் வசனமே இல்ல சரயு. ஆதாரமில்லாத பேச்சு. இரு, வெள்ளியோட வரி என்னாச்சுன்னு மேதாகிட்ட ஒரு வார்த்தை..."

சரயு அவர் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கி, அதிலேயே ஒரு வடையைச் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஒப்பனை அறை வாசலில் நாற்காலியைக் குறுக்கே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"உள்ள காலை வெச்சீங்க, கட்டிலுக்கடியில இருக்கற அத்தனையும் நாளைக்கே பழைய பேப்பர்காரனுக்கு!"