முகம் தெரிய ஒரு சாவு

1914 ஏப்ரல் 18: வாரக் கூலி 7 டாலர், விழுந்தது 6 முறை, அதற்குத் தனியாக 6 டாலர்.
ஏப்ரல் 25: கூலி 7, விழுந்தது 8 முறை, 8.
மே 2: கூலி 7, விழுந்தது 3 முறை, 3. விலாவில் அடி.

தன் கணக்குப்படி மூன்று வாரத்தில் பதினேழு முறை செத்திருந்தார் சைலஸ் கிரே பிளாங்கெட். வயது நாற்பத்தொன்பது. அமெரிக்காவின் டக்கோட்டாவிலிருந்து நாற்பது லக்கோட்டாப் பழங்குடியினரோடு, படத்தில் சண்டை போட்டுச் சாவதற்காகக் கலிபோர்னியக் கடற்கரைக் குன்றுகளுக்கு வந்தவர். காலையில் குதிரைப்படை சுட்டு விழுவார். தலைச்சிறகை மாற்றிக்கொண்டு, மதியம் வேறொருவராக மறுபடி விழுவார். தூரத்தில் விழுகிறவன் யாரென்று கேமராவுக்குத் தெரியாது.

மே 6, புதன்கிழமை, ஊர்ப் பள்ளி ஆசிரியையின் கடிதம் வந்தது. மனைவி லூசிக்கு இருமினால் ரத்தம் வருகிறது. அவரைக் கேட்டபடியே இருக்கிறாள். டைரக்டர் பிரென்டிஸ் அனுப்ப மறுத்தார். கடைசிச் சண்டை எடுக்க ஐந்து வாரம் இருந்தது; அதுவரை கூட்டம் குறையக் கூடாது.

லூசியின் தம்பி ஏமஸ்தான் வழி சொன்னான்.

“பதினேழு தடவை செத்தும் உனக்கு ஒழுங்கா சாகத் தெரியல மச்சான். கேமராவுக்குப் பக்கத்துல போய் விழு. இந்த மூஞ்சிய ஒரு தடவை பாத்தவன் மறப்பானா? அப்புறம் உன்னை எப்படி எழுப்பி மறுபடி சண்டைக்கு விடுவாங்க? ஊருக்கு அனுப்பித்தான் ஆகணும்.”

“உங்கக்கா மறக்காம இருந்தா போதும்டா.”

மறுநாள் டைரக்டரிடம் போய் நின்றார். “என்னைக் கொன்னுடுங்க சார். முகம் தெரியுற மாதிரி.”

“சாகறதுக்குக் கெஞ்சுற ஆளை இப்பத்தான்யா பாக்குறேன். சரி. நல்லா செத்தா ஊருக்குப் போகலாம்.”

மே 9 அன்று எடுத்தார்கள். முதல் முறை புழுதி முகத்தை மறைத்துவிட்டது. இரண்டாம் முறை, “சாகும்போது ஏதாவது சொல்லு” என்றார் பிரென்டிஸ். சைலஸ் டைரக்டரைப் பார்த்து லக்கோட்டா மொழியில், “தொப்பி போட்ட கழுதை” என்று முனகினார். பக்கத்தில் பிணமாகக் கிடந்த ஏமஸின் வயிறு குலுங்கியது.

“பிணம் சிரிக்குது! நிறுத்து!”

மூன்றாம் முறை சைலஸுக்குப் பேசத் தெம்பில்லை. அடிபட்ட விலாவின் மேலேயே விழுந்து, வெயிலைப் பார்த்தபடி கண்ணைத் திறந்து வைத்திருந்தார். “போதும்” என்ற குரல் வந்த பிறகும் உடனே எழ முடியவில்லை.

ஞாயிறன்று ரயிலேறினார். பயணம் நான்கு நாள். மூன்றாம் நாள் ஒரு நிலையத்தில் லூசிக்கென்று இரண்டு ஆரஞ்சுப் பழங்கள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

லூசி மே 7 அன்றே இறந்திருந்தாள். அதைச் சொல்லும் ஆசிரியையின் கடைசிக் கடிதம் படப்பிடிப்பு முகாமில் ஏமஸின் கைக்கு வந்தது, 1914 மே 13.