ஆறும்வரை திறக்காத தொட்டி

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தம்பி என்னிடம் தள்ளிவிட்டான். "நீதானக்கா நல்லா எழுதுவ" என்றான். எழுத உட்கார்ந்த பிறகுதான் அப்பாவைப் பற்றி எனக்கு எவ்வளவு குழப்பம் இருக்கிறது என்று தெரிந்தது. அதை மறைத்துவிட்டு நல்லதை மட்டும் எழுத எனக்கு வரவில்லை.

அப்பா பண்டாரவளைக்குப் பக்கத்துப் பூனாகலையில் பிறந்தார். தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை. சாதாரண தரப் பரீட்சை வரை படித்துவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடும் வேலையில் சேர்ந்தார். பிறகு தெரிந்தவர் ஒருவர் மூலம் கடலோரத்துச் சீமெந்து ஆலை ஒன்றுக்குப் போனார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். மாதம் ஒரு தடவை கருவாட்டுப் பொட்டலத்தோடு பண்டாரவளை ஸ்டேஷனில் வந்து இறங்குவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்குப் பாவமாக இருக்கும்.

அவர் என்ன வேலை செய்தார் என்று பள்ளியில் ஆசிரியை கேட்டபோது, "நிலக்கரி பத்திக்காம இருக்கக் காத்து விடுறாரு டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. காற்று விட்டால் நெருப்பு எரியத்தானே செய்யும்? வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மாவுக்கும் அதே சந்தேகம்தான்.

"நெருப்பே வைக்காம அது எப்படிங்க பத்தும்?" என்று அம்மா கேட்டார்.

"அதான் புள்ள, எனக்கும் மொதல்ல வெளங்கல" என்றார் அப்பா.

பிறகு பொறுமையாகச் சொன்னார். ஆலைச் சூளைக்கு நிலக்கரியை மாவாக அரைத்து உயரமான இரும்புத் தொட்டியில் நிரப்பி வைப்பார்கள். சூளை பழுதாகி நின்றுவிட்டால் அந்த மா தொட்டியிலேயே கிடக்கும். கிடக்கும் கரி, காற்றில் உள்ள ஒட்சிசனை இழுத்துத் தானாகவே சூடேறும். சூடு ஏற ஏற ஒரு கட்டத்தில் பற்றிக்கொள்ளும். அதற்கு முன்பே தொட்டிக்குள் நைதரசன் வாயுவைச் செலுத்தி ஒட்சிசனை வெளியேற்ற வேண்டும். நைதரசன் தானும் எரியாது, மற்றதை எரியவும் விடாது. அதற்குரிய வால்வைத் திறப்பதும், சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருப்பதும்தான் அப்பாவின் வேலை. முழுக்க ஆறும்வரை யார் என்ன சொன்னாலும் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்று புகுந்து உள்ளே கனன்றுகொண்டிருப்பது குப்பென்று பிடித்துவிடும். எட்டிப் பார்ப்பவருக்கு மூச்சுவிடவும் காற்று இருக்காது.

முள் காட்டினாலும் அப்பாவுக்குத் திருப்தி வராது. தொட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பாராம். வீட்டிலும் அதே பழக்கம்தான். அரிசி மூட்டை, விறகுக் குவியல், எங்கள் நெற்றி, எல்லாவற்றிலும் புறங்கை. காய்ச்சல் விட்டதும், "ஆறிடுச்சு, இனிப் பயமில்ல" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டால்தான் எங்களுக்குச் சாப்பாடு இறங்கும்.

இனி எழுதுவது உறவுகளில் பலருக்குத் தெரிந்த விஷயம்தான். என் பதினெட்டாவது வயதில் அம்மா காய்ச்சலில் விழுந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"தொட்டி சுடுதும்மா. ஆறினதும் வந்துடுறேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து வந்தார். அதற்குள் அம்மா போய்விட்டார். அப்பாவுக்காகவே சவப்பெட்டியை மூடி வைத்துக் காத்திருந்தோம். அவர் வந்ததும் சின்ன மாமா மூடியில் கை வைத்து, "அத்தான், தெறக்கட்டுங்களா? மொகத்த ஒருக்காப் பாத்துக்கங்க" என்றார்.

"வேணாம். மூடியே இருக்கட்டும்" என்றார் அப்பா. மூடியின் மேல் புறங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். கட்டிய மனைவியின் முகத்தைப் பார்க்க மறுத்த மனிதன் என்று ஊர் பேசியது. நானும் அதையேதான் நினைத்தேன். மனைவியைவிடக் கம்பனிக்காரனின் கரி பெரிதாகப் போய்விட்டதா என்று நேருக்கு நேர் கேட்டேன். அதன் பிறகு பல வருடங்கள், "சாப்பாடு இருக்கு" என்பதற்கு மேல் நான் அவரிடம் பேசியதில்லை.

ஆனால் எங்கள் இருவரையும் படிக்க வைத்தவர் அவர்தான். என் கல்யாணத்துக்கு வாழைக்காய் நறுக்கியவரும், என் மகனுக்குக் காய்ச்சல் என்றால் முதல் பஸ்ஸில் வந்து நின்றவரும் அவர்தான். இந்த அப்பாவையும் அந்த அப்பாவையும் ஒன்றாகச் சேர்க்க எனக்குத் தெரியவில்லை.

அப்பாவின் கருமாதிக்கு, ஆலையில் அவரோடு வேலை செய்த பதுளை நானா ஒருவர், முஸ்லிம் பெரியவர், வந்திருந்தார். அன்று அப்பாவுக்கு லீவு கொடுக்காதது யார் என்று அவரிடம் கேட்டேன். அவர் திகைத்துப்போனார்.

"லீவா? பெரிய தொரை வாகனமே குடுத்தாரு மகள். தொட்டிய நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க எண்டு நானும் செல்லினேன். ஏறி இருந்தாரு. பொறகு இறங்கிட்டாரு."

"ஏன் நானா?"

"போனா பாக்கணுமே எண்டாரு. அவ்வளவுதான். எனக்கும் வெளங்கல்ல."

இத்தனை வருடம் கரியின் மேல் கோபப்பட்டேன். இப்போது யார் மேல் கோபப்படுவது? பயந்துவிட்டார் என்று தம்பி சொல்கிறான். பயந்தவர் அந்த இரண்டு நாளும் அம்மா தனியாகக் கிடப்பதை நினைக்கவில்லையா? யோசித்தால் தலை சுற்றுகிறது. ஆனாலும் அவரைக் கேள்வி கேட்க எனக்கு வாயில்லை. ஏன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்பா பதுளை ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாளில், "அப்பா ஒன்னய கேட்டுக்கிட்டே இருக்காரு, வாக்கா" என்று தம்பி போன் செய்தான். வேலை செய்யும் பார்மசியில் லீவு கிடைக்கவில்லை என்றேன். அது பொய். முதலாளி காலையிலேயே போகச் சொல்லிவிட்டார். நான் பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, பதுளைக்குப் போகும் பஸ்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. போனால் பார்க்க வேண்டும். கடைசியில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், குழி வெட்டிய, பெட்டி சுமந்த தோட்டத்து இளைஞர்களுக்கும், சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், மறைக்காமல் பேசிய நானாவுக்கும் எங்கள் நன்றி. அப்பாவின் கையைக் கடைசிவரை பிடித்திருந்த தம்பிக்கு நான் நன்றி சொன்னால் கோபப்படுவான். இருந்தாலும் சொல்கிறேன்.

சின்ன மாமாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பாவை எடுத்த அன்று பெட்டியை மூடப் போனவர், "பாத்துக்கிறியாம்மா, மூடிரட்டுமா?" என்று என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டியது சரி என்றா வேண்டாம் என்றா, அவருக்கு விளங்கியிருக்காது. மூடியைப் பிடித்தபடி எனக்காகக் காத்து நின்றார். நான் கிட்டப் போய் அப்பாவின் நெற்றியில் புறங்கையை வைத்தேன்.

"ஆறிடுச்சுப்பா" என்றேன். அதோடு அவர் சொல்லும் "இனிப் பயமில்ல" என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.