மலையிலிருந்து திரும்பிய நாள்

எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்த புதிது. துருவக் கடலின் பனிக்குள் போன ஒரு பழங்காலக் கப்பலின் கதையை வாராவாரம் காட்டினார்கள். மெதுவாக நகரும் பேய்க்கதை. ஆட்கள் ஒவ்வொருவராகச் செத்தாலும் கேப்டன் திரும்ப மாட்டான்; 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்பான். "கிறுக்குப்பயலே, திரும்புலே!" என்று நான் கத்துவேன். உடன் பார்க்கும் சக ஆசிரியர் சேவியர் சிரிப்பார்.

அந்த மார்கழி விடுமுறையில் எங்கள் பள்ளியின் இன்னோர் ஆசிரியர் முருகையாவையும் சேர்த்துக்கொண்டு பொதிகை மலை ஏறினோம். "இருமலா இருக்கு, பொறவு போவமா?" என்று கேட்டவரை நான்தான் விடாமல் இழுத்துப் போனேன். இரண்டாம் நாள் காலையில் மழை பிடித்தது. முருகையாவுக்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது.

"உச்சிக்கு இன்னும் ஒரு மைல்தான். பைய நடந்திருவோம்" என்றேன்.

சேவியர் என்னை நேராகப் பார்த்தார். "அந்தக் கேப்டனும் இதத்தாம்வே சொன்னான்."

சுருக்கென்றது. உதடு நீலம் பாரித்திருந்த முருகையா, அப்போதும் எனக்காக எழுந்து நிற்க முயன்றுகொண்டிருந்தார்.

"இறங்குவோம்" என்றேன்.

வழியில் ஓடை இடுப்பளவு ஓடியது. முருகையாவை வேட்டியால் என் முதுகோடு கட்டிக்கொண்டேன். சேவியர் கம்பூன்றி முன்னால் போக, ஒவ்வோர் அடியாகக் கடந்தோம். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிமோனியா. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

"நீங்க சொமந்து வராட்டா என்ன ஆயிருக்கும் அண்ணாச்சி" என்று அவர் மனைவி கும்பிட்டார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் போய், இருமலோடு இருந்த முருகையாவை நான்தான் இழுத்துப்போனேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். முதுகில் சுமந்ததைவிட அதுதான் கனமாக இருந்தது.