கைதட்டல் வாங்கிய பக்கம்

ஒரகடம் பக்கம் இருபத்தைந்து வருடமாக மைக் செட் போடுகிறவன் நான். எங்கள் தலைவர் மேடையில் பேசும்போதெல்லாம் என் ஆம்ப்ளிஃபயர் பெட்டி அருகே ஒருவர் நின்று உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சை எழுதியவர் அவர்தான். பெயர் திருநாவுக்கரசு. அப்போதெல்லாம் அவர் மைக்கைத் தொட்டதே இல்லை.

கம்பெனிக்கு நிலம் எடுத்த சமயம் ஒரு பேச்சு எழுதினார். "நிலம் போகிறதே என்று அழாதீர்கள். நாளைக்கு அதே இடத்தில் உங்கள் பிள்ளை சீருடையோடு நிற்பான்." தலைவர் அதைப் பேசியதும் என் ஸ்பீக்கர் பாக்ஸே அதிர்ந்தது, அப்படிக் கைதட்டல். அவருடைய அக்கா கன்னியம்மா, "என் தம்பி எழுதினது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சொல்லித் தட்டினார். அந்த வாரமே ஒன்றரை ஏக்கருக்குக் கையெழுத்தும் போட்டார்.

அக்கா மகன் பிரசன்னாவை காண்ட்ராக்டில் எடுத்தார்கள். பதினோரு மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். சீருடை கடைசியில் அக்காவுக்குத்தான் வந்தது. அதே கம்பெனியில் பெருக்குகிறார். தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

திருநாவுக்கரசு தலைவரை விட்டு விலகி, வாலாஜாபாத்தில் ஓர் அறை பிடித்து, அரசாங்கம், ஜனநாயகம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஆறாவது வரை படித்த நான் அதை நாலு மாதம் படித்தேன். அதில் ஒரு பக்கம், வேலை தருவதாகக் கம்பெனி வாக்கே கொடுக்கவில்லை என்று தெரிந்துதான் அந்தச் சீருடை வரியை எழுதினேன் என்கிறது.

"அந்தப் பக்கம் அக்கா காதுல வுழணும் மோகன்."

"வூட்டுக்கு நேரா போயி சொல்லேன்யா."

"கதவ சாத்திக்குது. கிராம சபைக்குத் தண்ணி மனு குடுக்க வரும். மைக்ல படிக்கிறேன்."

குடியரசு தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த கிராம சபையில் அந்தப் பக்கத்தைப் படித்தார். முடித்ததும் ஊரே கைதட்டியது. ஒருத்தன் விசிலே அடித்தான். மத்தியான ஷிப்டுக்காக நீலச் சீருடையில் வந்திருந்த அக்கா மட்டும் தட்டவில்லை. எழுந்து தம்பியிடம் வந்தார்.

"நல்லா எழுதிக்கீற."

"இது நெஜம்க்கா."

"அன்னிக்கும் நல்லாத்தான்டா எழுதியிருந்த. நெஜம்னுதான் நானும் கை தட்னேன்." புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி என் பெட்டி மேல் வைத்தார். "இது இல்லாம ஒரு வார்த்த சொல்லு. கேக்குறேன்."

நான் மைக்கை அணைத்தேன். திருநாவுக்கரசு வாயைத் திறந்தார். அக்கா நின்றுதான் பார்த்தார், அவசரப்படவில்லை. ரோட்டில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. இரண்டாம் முறையும் அடித்தது. அக்கா போய் ஏறிக்கொண்டார்.

திருநாவுக்கரசு என் பெட்டி அருகிலேயே நின்றார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.