உரலில் வைத்த ஸ்பீக்கர்கள்

பிரதியெடுத்த கசெற்றை முடியும்வரை கேட்டுவிட்டு சீதேவிப்பிள்ளை கேட்டாள்: "தம்பி, லொறிச் சத்தம் எங்க?"

குஞ்சித்தம்பி கசெற்றை நிறுத்தினான். மட்டக்களப்பு நகரில் றேடியோ திருத்துபவன் அவன். வீட்டின் பின்னறைச் சுவர்களில் சாக்குகளை அடித்து, கூத்துப் பாட்டும் கோயில் பாட்டும் பதிவு செய்து கொடுப்பான். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பாதவன்.

அவள் வாவிக்கு அப்பால், படுவான்கரையிலிருந்து வந்தவள். ஐந்து வருடங்களுக்கு முன், தொண்ணூறாம் ஆண்டு, அவள் மகன் நல்லரத்தினம் வீட்டுக் கசெற் றேடியோவில் கூத்துப் பாட்டொன்றைப் பதிந்து பழகிக்கொண்டிருந்தபோது படையினர் வந்து கொண்டுபோனார்கள். யாரும் நிறுத்தாததால் கசெற் ஓடிக்கொண்டே இருந்தது. அறுந்த பாட்டு, "ஓம், நான்தான்" என்ற அவன் குரல், அதற்கு அடியில் லொறியின் உறுமல்.

'அன்று அந்த ஊருக்கு எமது வாகனம் எதுவும் செல்லவில்லை' என்று இராணுவ முகாம் அதிகாரி, காணாமற்போனவர்கள் பற்றிய விசாரணைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். படையைத் தவிர வேறு எவரும் அங்கே லொறி ஓட்ட முடியாத காலம் அது. ஐந்து வருடங்கள் அவள் முகாம் வாசலிலும் குறி சொல்பவர்களின் வாசலிலும் நின்றாள். முகாம் இல்லை என்றது. தெய்வங்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டின. உண்மை இந்தக் கசெற்றில் மட்டும்தான் இருந்தது. நாளை காலை விசாரணை. நாடா நைந்திருந்ததால் பிரதியெடுக்கக் கொண்டுவந்திருந்தாள்.

"அதை நான்தான் வெட்டிப்போட்டன் அக்கா. நாடாவில ஏறின இரைச்சல் எண்டு நினைச்சன்."

"என்ட புள்ளயக் கொண்டுபோன சத்தத்தையா?"

அவன் வேறொரு பாட்டைப் போட்டான். மூல நாடாவில் கேட்ட அதே உறுமல் அதிலும். ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை மேசையிலிருந்து தூக்கி நெஞ்சோடு அணைத்தான். உறுமல் நின்றது. இவ்வளவு காலமும் உறுமியது மேசை. அப்படியானால் மூல நாடாவில் கேட்டதும் மேசைதானா? அங்கே லொறியே இல்லையா? மேசையில்லாமல் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கர்களைக் கதிரைகளில் வைத்தான், கதிரைகள் நடுங்கின. மீன் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்தான். அவை பறை மாதிரி அதிர்ந்தன. கல்லடுக்கி மேடை கட்டச் சீமெந்து கிடையாது. குசினிக்குள் போய் உரலை உருட்டி வந்தான். அடுத்த வீட்டிலிருந்து இன்னொன்று வந்தது.

மனைவி வசந்தாதேவி வாசலை மறித்தாள். "உரலில பாட்டுப் பெட்டிய வைச்சா மறுகா நான் மாவ எங்க இடிக்கிற? உங்கட தலையிலயா?"

"நாளைக்கு மட்டும்கா."

குழிகளில் மணலை நிரப்பி, மேலே சைக்கிள் ரியூப் துண்டுகளைப் போட்டு, ஸ்பீக்கர்களை ஏற்றினான். காதும் ஸ்பீக்கரும் ஒரே மட்டத்துக்கு வரும்படி பலகைக்கட்டையில் உட்கார்ந்தான். பாட்டு சுத்தமாக வந்தது. பிறகு மூல நாடாவைப் போட்டான். நைந்த நாடா, எப்போது அறுமென்று தெரியாது.

பாட்டு. குரல். அடியில், லொறி.

சீதேவிப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றினார்கள். சோதனைச் சாவடியில் சிப்பாய் உரலுக்குள் கைவிட்டு மணலைக் கிளறினான். "இது என்னத்துக்கு?"

"பாட்டு ஆடாம நிக்க, சேர்."

சிப்பாய் அவனைப் பைத்தியமென்று முடிவுசெய்து போகவிட்டான்.

விசாரணை மண்டபத்துக்குள் உரல்களை விடவில்லை. ஸ்பீக்கர்களைப் பெரிய மேசையில் வைக்கச் சொன்னார்கள். நாடா ஓடியதும் மேசை முழுவதும் உறுமியது. அதிகாரியின் சட்டத்தரணி சிரித்துக்கொண்டே எழுந்தார். நீங்கள் கேட்பது லொறி அல்ல, இந்த மேசை என்றார்.

"அவர் சொல்றதில பாதி சரி, ஐயா" என்றான் குஞ்சித்தம்பி. "மேசையும் சேந்துதான் உறுமுது. வெளியில நிக்கிற என்ட உரல் ரெண்டையும் உள்ளுக்க விடுங்க."

யாரோ சிரித்தார்கள். குழுவின் தலைவர் சிரிக்கவில்லை. உரல்கள் வந்தன.

குஞ்சித்தம்பி நாடாவைப் பின்னுக்குச் சுற்றினான். ஓரிடத்தில் அது சுருங்கியிருந்தது. விரல் நகத்தால் நீவிவிட்டுப் பொத்தானை அழுத்தினான்.

பாட்டு ஒலித்தது. தூரத்தில் எஞ்சின் ஒன்று எழுந்தது. நெருங்கியது. நின்றது. கதவு அடிபட்டது. பாட்டு அறுந்தது. "ஓம், நான்தான்." மீண்டும் எஞ்சின் உறுமி, தேய்ந்து, இல்லாமல் போனது.

"மேசை தூரத்திலயிருந்து வராது ஐயா" என்றான் அவன். "வந்து நிண்டு, ஆள ஏத்திக்கொண்டு போகவும் போகாது."

சட்டத்தரணி தன் தாள்களைப் புரட்டினார். தலைவர் எழுதுவினைஞருக்குத் தலையசைத்தார். அவர் எழுதி, உரக்க வாசித்தார்: 'கனரக வாகனமொன்று வந்து, நின்று, திரும்பிச் சென்ற சத்தம் கேட்டது.'

சீதேவிப்பிள்ளை எழுந்து நின்றாள்.

"மறுகா ஒருக்கா வாசிங்க ஐயா. எழுதினத இனி ஆரும் வெட்ட ஏலாதுதானே?"

தலைவர் எழுதுவினைஞரின் பக்கம் திரும்பினார். எழுதுவினைஞர் மறுபடியும் வாசித்தார்.